சுடாத கை

என் வீட்டுக்காரருடைய வலது கை சுடாது. கொதிக்கிற வெல்லப்பாகில் விட்டாலும் சுடாது. இதை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே நினைவில்லை. கிணற்றடியில் சொன்னேன். பாலக்கோட்டுக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் சொன்னேன். தீர்த்தமலைக்குச் சாமி கும்பிடப் போன இடத்தில், முன்பின் தெரியாத பொம்பளைகளிடம்கூடச் சொன்னேன். வாய் என்றால் எனக்கு அப்படி ஒரு வாய். அதே வாயால் ஒரு நாள் ஒரு பொய்யும் சொன்னேன். அந்தப் பொய் எங்களிடமிருந்து ஒரு முழு வருஷத்தையும், அந்த வருஷத்தோடு அந்தக் கையையும் கொண்டுபோய்விட்டது. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது எழுதுகிறேன்.

தருமபுரி தனி மாவட்டமாகி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். பாலக்கோடு ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். கார்த்திகை பிறந்தால் சுற்றுவட்டாரத்தில் கரும்பாலைகள் ஓடத் தொடங்கும். ஆலை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். வயலோரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை, கரும்பை நசுக்க ஒரு இயந்திரம், சாறு காய்ச்ச ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு இரும்புக் கொப்பரை, அதன் கீழே கரும்புச் சக்கை போட்டு எரிக்கிற அடுப்பு, அவ்வளவுதான். பாகு எப்போது வெல்லமாகிற பதத்துக்கு வந்தது என்று பார்த்துச் சொல்வது என் வீட்டுக்காரர் வேலை. கொஞ்சம் முந்தினால் வெல்லம் இளகி ஒழுகும். கொஞ்சம் பிந்தினால் கருகிக் கசக்கும். ஆலைக்காரனின் ஒரு வருஷப் பாடும் அவர் விரல் நுனியில் இருந்தது.

பதம் பார்க்கிற எல்லோரும் ஒரே மாதிரிதான் பார்ப்பார்கள். பக்கத்தில் ஒரு சட்டியில் பச்சைத் தண்ணீர் இருக்கும். அதில் கையை நனைத்து, நனைந்த விரலால் கொப்பரையிலிருந்து கொஞ்சம் பாகை வழித்து, கண் இமைக்கும் முன்னே திரும்பத் தண்ணீருக்குள் கொண்டுபோய் உருட்டுவார்கள். உருண்டு நின்றால் பதம். கையின் ஈரமும் வேகமும் சேர்ந்து காப்பாற்றும். அப்படியும் ஒவ்வொரு தடவையும் வாயிலிருந்து “ஸ்ஸ்” என்று ஒரு சத்தம் வரும். என் வீட்டுக்காரருக்குக் கல்யாணமான புதிதில் அந்தச் சத்தம் வந்தது. நாலைந்து வருஷத்தில் நின்றுவிட்டது.

சத்தம் நின்றதும் அவசரமும் நின்றது. பாகை வழித்து, தண்ணீருக்குள் கொண்டுபோகாமலே, வெறும் விரல்களுக்கு நடுவே நிதானமாக உருட்டுவார். வேடிக்கை பார்க்கவே ஆட்கள் கூடினார்கள். ஆலைக்காரர் அவர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

“ஏப்பா, இதென்ன கையா கரண்டியா? நாங்க தொட்டா தோலு உரிஞ்சி வருது!”

“காய்ச்சிக் காய்ச்சிப் பழவிப் போச்சுங்க. தழும்பேறுன கை.”

இதைத்தான் ஊர் முழுக்க நம்பியது. மண்வெட்டி பிடிக்கிறவன் உள்ளங்கை காய்க்கிறது, அதுபோல் பாகு தொடுகிறவன் கை சூட்டுக்குக் காய்த்துவிடுகிறது என்று நினைத்தார்கள். காரிமங்கலம் பக்கத்திலிருந்தெல்லாம் ஆலைக்காரர்கள் வெற்றிலை பாக்கோடு வந்து, “சுடாத கைக்காரரு வூடு எதுங்க?” என்று விசாரித்துக் கூப்பிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கண் பட்டுவிடப்போகிறது என்று அமாவாசைக்கு அமாவாசை அந்தக் கைக்குத் தனியாக மிளகாய் சுற்றிப் போட்டேன். என்னைப்போல ஒரு முட்டாளை எங்கே தேடுவது!

காய்த்த கை வேறு, செத்த கை வேறு. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் உள்ளங்கையும் காய்த்த கைதான். உலக்கை பிடித்து, களை வெட்டி, காய்த்துக் கெட்டியான கை. ஆனாலும் தோலுக்குள் ஒரு சிலாம்பு ஏறினால் உடனே தெரியும். அரிசியில் கிடக்கிற கல்லை நான் கண்ணால் பார்க்காமலே எடுத்துவிடுவேன். அவரோ சட்டைப் பொத்தானைப் போடக் குனிந்து, கண்ணால் பார்த்துப் பார்த்துப் போட ஆரம்பித்திருந்தார். ஒரு நாள் அவருடைய மோதிர விரலின் பக்கவாட்டில் பெரிய கொப்புளம்.

“இது எப்ப மாமா?”

“எது?”

குனிந்து பார்த்த பிறகுதான் அது அவருக்கே தெரிந்தது. நான் அதையும் பெருமையாகத்தான் கிணற்றடியில் சொன்னேன்.

முழங்கைக்குக் கீழே அரை உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெளிறியிருந்தது. தேமல் என்று சொல்லி எதையெதையோ அரைத்துப் பூசினேன். கொப்பரை முன்னால் நின்று வரும்போது அவர் உடம்பெல்லாம் வேர்வை ஊற்றும். அந்த ஒரு இடம் மட்டும் காய்ந்து கிடக்கும். துண்டால் துடைத்துவிட்டவள் நான். என் விரலுக்கு அது தெரிந்தது, மண்டைக்கு ஏறவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வயசாகிவிட்டது, சொல்ல வெட்கம் என்ன? அவர் என்னைத் தொடுவது மாறிப்போயிருந்தது. முன்பெல்லாம் வலது கையால் கன்னத்தைத் தடவுகிறவர், இடது கையால் தடவ ஆரம்பித்தார். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். அவருக்கு என்மேல் ஆசை குறைந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அந்தக் கோபத்தில் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு என்னைத் தொட்டால் தெரிகிற கையால்தான் தொடத் தோன்றியது என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

அந்த வருஷம் தை மாதத்தில் ஒரு நாள், காக்கிப் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு ஒருத்தர் ஊருக்குள் வந்தார். பெருநோய், அதாவது தொழுநோய், இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்கிற அரசாங்க ஆள். பையிலிருந்து ஒரு இறகை எடுத்துத்தான் சோதனை செய்வார். அதனால் ஊரில் அவருக்கு இறகு சார் என்று பெயர் வந்தது. பள்ளிக்கூடத்து முற்றத்தில் ஆட்களை வரிசையாக உட்கார வைத்தார். “கண்ண மூடிக்குங்க. நான் எங்க தொடறேனோ அந்த எடத்த ஒரு விரலால காட்டுங்க” என்பார். இறகின் நுனி பட்டதும் பிள்ளைகள் கிளுக்கென்று சிரித்து இடத்தைக் காட்டின. மேலத்தெருக் கிழவர் ஒருத்தருக்கு முதுகில் ஒரு தேமல். அதன்மேல் இறகு மூன்று தடவை போயிற்று. கிழவர் கையைத் தூக்கவே இல்லை, இன்னும் தொடவில்லை என்று நினைத்துக் காத்துக்கொண்டிருந்தார்.

வெளிறிய தேமல், வேர்க்காத இடம், சுடாத கை எல்லாம் ஒரே நொடியில் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன.

இறகு சார் என் முறை வந்தபோது நோட்டைப் பார்த்துக் கேட்டார்.

“உங்க வூட்டுக்காரர் எங்கம்மா?”

“அவரு ஊர்ல இல்லீங்க சார். பெங்களூருப் பக்கம் வேலைக்குப் போயிருக்கறாரு. திரும்பி வர ஆறு மாசமாவுது ஆவும்.”

அவர் இரண்டு வயல் தள்ளி ஆலைக் கொட்டகையில் இருந்தார். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் கொட்டகைப் புகை தெரியும். இறகு சார் எழுதிக்கொண்டு போனார். ஆடியில் மறுபடி வந்தார், மறுபடியும் பெங்களூரு என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்டால், பயம். பெருவியாதிக்காரன் கை விட்ட பாகை எவன் வாங்குவான்? அந்த வெல்லத்தில் எவள் பொங்கல் வைப்பாள்? எங்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. நாளைக்கு அவளை எவன் கட்டுவான்? இதெல்லாம் நியாயமான பயம்தான். ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. சுடாத கைக்காரர் பெண்டாட்டி என்கிற பெருமையும் எனக்கு விட மனசில்லை. அவரிடம் நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே!

அடுத்த மாசியில் குழந்தை ஒரு நாள் விடிந்தும் எழுந்திருக்காமல் சுருண்டு கிடந்தாள். அடுப்பங்கரையிலிருந்து வந்து நெற்றியைத் தொட்டேன். சுட்டது. அவர் ஆலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“மாமா, புள்ளைக்கு ஒடம்பு சுடுதுங்க. நீங்க ஒருக்கா தொட்டுப் பாருங்க.”

இடது கையில் சோற்றுத் தூக்கு இருந்தது. வலது உள்ளங்கையைக் குழந்தையின் நெற்றியில் முழுசாக வைத்தார். கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே இருந்தார்.

“ஒண்ணுமில்ல புள்ள. சில்லுன்னுதான் கெடக்கறா. நீ அடுப்பாண்ட இருந்து வந்த, உன் கைதான் சுடுது.”

ஊரே நம்புகிற கை அது. பாகின் சூட்டை நூல் பிடித்துச் சொல்கிற கை, ஒரு குழந்தையின் நெற்றிச் சூட்டைத் தப்பாகவா சொல்லும்? என் கையை நான் நம்பவில்லை. அடுப்பில் சூடான கை குழந்தையைத் தொட்டால், குழந்தை குளிர்ச்சியாக அல்லவா தெரிய வேண்டும்? அப்படியும் சுட்டது என்றால் அது எப்பேர்ப்பட்ட காய்ச்சல்! இந்த யோசனை எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. அன்றைக்கு அவர் ஆலைக்குப் போனார், நான் துணி துவைக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது குழந்தையின் கண் மேலே செருகியிருந்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரத்தில் நுரை தள்ளியிருந்தது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். இரண்டு மைலும் எப்படி ஓடினேன் என்று தெரியாது. தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நர்சம்மா குழந்தையின் நெற்றியைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“காலைல இருந்தே கொதிச்சிருக்கும்மா! தொட்டுப் பாக்கக்கூட வூட்ல ஆளில்லயா?”

பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஜென்மத்தில் அது ஒரு தடவைதான் எனக்கு வாய் இல்லாமல் போனது.

நாலாம் நாள் குழந்தையோடு வீட்டுக்கு வந்தோம். பிழைத்துக்கொண்டாள். சாமி புண்ணியம். அன்று மத்தியானம் அவள் தூங்கியபின், கோழி உதிர்த்த வெள்ளை இறகு ஒன்றை எடுத்துவந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

“கண்ண மூடுங்க மாமா. நான் தொட்டா தொட்டன்னு சொல்லுங்க.”

“என்ன புள்ள, இப்ப போயி வெளையாட்டு?”

“மூடுங்கன்னா மூடுங்க.”

மூடினார். முதலில் இடது கையில் இறகை ஓட்டினேன். “தொட்ட. இப்ப கட்டவிரலு. இப்ப மணிக்கட்டு.” ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறகு வலது கை. சுண்டு விரலில் ஓட்டினேன். மோதிர விரலில், உள்ளங்கையில் குறுக்காக, மணிக்கட்டில் எல்லாம் ஓட்டினேன். அவர் பேசவில்லை. புருவம் மட்டும் நெரிந்தது. ஆலைச் சத்தத்துக்கு நடுவே யாரோ கூப்பிடுவதை உற்றுக் கேட்கிறவர்போல இருந்தார். எனக்கு முடியவில்லை. இறகை மடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டேன்.

“தொட்டுட்ட” என்றார்.

நான் அசையவில்லை.

“இப்ப சுண்டு வெரலு. இப்ப உள்ளங்கை. சரிதான?”

அவர் முகத்தில் பரீட்சையில் எப்படியாவது தேறிவிட வேண்டும் என்கிற ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

“மாமா, நான் தொடவே இல்லீங்க.”

கண்ணைத் திறந்தார். என் மடியில் கிடந்த இறகைப் பார்த்தார்.

“எனக்குத் தெரியும் புள்ள. ரெண்டு மூணு வருசமாவே தெரியும். கொப்பரைல கைய வுட்டா ஒண்ணுமே இல்லாத எடத்துல வுட்ட மாதிரிதான் இருக்குது. பதத்த கண்ணு பாக்குது. உருண்டைய சட்டில போட்டா டங்குனு கேக்குது பாரு, அத காது பாக்குது. கை சும்மா கூட வருது.”

“அப்ப புள்ள நெத்தியில கைய வெச்சீங்களே?”

“ஒண்ணும் தெரியல. தெரியலன்னு சொல்ல எனக்கு வாயே வரல.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! அவருடைய அந்த வலது கையிலேயே பளாரென்று ஒரு அடி வைத்தேன். அவருக்கு வலிக்கவில்லை. எனக்குத்தான் உள்ளங்கை எரிந்தது. அந்த எரிச்சலில்தான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே பெங்களூரு பொய்யையும் சொன்னேன். இரண்டு தடவை சொன்னதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை தோறும் பாலக்கோட்டில் அந்த நோய்க்கு மருந்து கொடுப்பார்கள். போனோம். அதே இறகு சார் இருந்தார். நோட்டைப் புரட்டி, “பெங்களூருன்னு எழுதியிருக்கேனே” என்று என்னை ஒரு பார்வை பார்த்தார், அதற்கு மேல் கேட்கவில்லை. என் வீட்டுக்காரருடைய முழங்கையை மடக்கி, உள்பக்கத்து எலும்புக்குப் பின்னால் விரலால் தடவினார். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தோலுக்கு அடியில் சணல் கயிறு தடிமனுக்கு ஒன்று உருண்டது. என் முழங்கையில் அதே இடத்தைத் தொட்டேன், மெல்லிசாக எதுவோ நழுவி, சுண்டு விரல்வரை சுரீரென்று ஓடியது.

“அதாம்மா நரம்பு. கை சுடுதுன்னு நாம சொல்றோம். சுட்ட சேதி இது வழியா மூளைக்குப் போய்ச் சேந்தாத்தான் சுட்ட மாதிரி. சூட்டுக்கு ஒரு இழை, வலிக்கு ஒரு இழை, இறகு பட்டா சொல்றதுக்கு ஒரு இழைன்னு உள்ள தனித்தனியா ஓடுது. இந்த நோயில மொதல்ல சூடு போவும். அப்பறம் வலி, அப்பறம் தொடுறது. கை அங்கயேதான் இருக்கும், சேதிதான் வராது.”

“திரும்பி வருங்களா சார்?”

“போன வருசம் வந்திருந்தா கொஞ்சமாச்சும் மிச்சம் பிடிச்சிருக்கலாம்.”

இதை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, நோட்டைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனாலும் எனக்குத்தான் அது. பிறகு, இவருக்கு வந்திருப்பது மற்றவர்களுக்கு ஒட்டுகிற வகை இல்லை என்றார். வெள்ளை மாத்திரையை வருஷக்கணக்கில் விடாமல் சாப்பிட்டால் இடது கையைக் காப்பாற்றிவிடலாம் என்றார். “தெனமும் கைய கண்ணால பாக்கணும். காயம் பட்டா அது சொல்லாது, நீங்கதான் பாத்துக் கண்டுபிடிக்கணும்” என்றார்.

கார்த்திகையில் ஆலைக்காரர் வழக்கம்போல வெற்றிலை பாக்கோடு வந்தார். நான் அதற்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஒட்டாத நோய், ஊருக்குத் தெரியாது, கண்ணாலும் காதாலும் பதம் பார்க்கத் தெரிந்தவர், இன்னும் இரண்டு வருஷம் ஓட்டினால் என்ன? அவர் என்னை முந்திக்கொண்டார்.

“இனிமே நான் வரலீங்க. எனக்குக் கை மரத்துப் போச்சு. வியாதி. மாத்திரை சாப்புடறேன். சுடாத கை இல்லீங்க இது, செத்த கை.”

ஆலைக்காரர் நான் கொடுத்த மோரைக் குடிக்காமல் கீழே வைத்தார். வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு போனார். இரண்டே நாளில் ஊர் முழுக்கத் தெரிந்தது. கிணற்றடியில் என் குடத்துக்குப் பக்கத்தில் எவளும் குடம் வைக்கவில்லை. “ஏண்டி, நாலு வருசமா அந்தக் கை செஞ்ச வெல்லத்தத்தான நக்கித் தின்னீங்க? எவளுக்கு என்ன வந்துச்சு?” என்று கத்திவிட்டு வந்தேன். கத்தி என்ன பயன்? அவர் எங்கள் அரை ஏக்கரில் கடலை போட்டார். மண்வெட்டிப் பிடிக்குத் துணி சுற்றிக் கொடுத்தேன். மாலையில் வந்ததும் அவர் வலது கையை என் மடியில் வைத்து, விரல் விரலாக விரித்துப் பார்ப்பேன். நாளாக ஆக அந்தச் சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளே மடங்கிக்கொண்டன.

மாத்திரை வாங்கிவருகிற ஒவ்வொரு வியாழக்கிழமை மத்தியானமும் இடது கைக்கு இறகுச் சோதனை. ஏழெட்டு வருஷம் விடாமல் செய்தேன். ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொல்வார். ஆனால் எனக்கு நம்பிக்கை வராது. தொடாத கையைத் தொட்டதாகச் சொன்னவர்தானே!

எழுபதுகளின் நடுவில் ஒரு வியாழக்கிழமை. அவருடைய இடது கை ஆள்காட்டி விரலில் ஒரு கொப்புளத்தைப் பார்த்தேன். அன்றைக்குக் காலையில்தான் வந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் இறகை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

“கண்ண மூடுங்க மாமா.”

மூடினார். நான் தொடவில்லை. இறகை மடியில் வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது “தொட்ட” என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் இந்தக் கையும் போயிற்று. எதிரே மகள் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. அவர் பேசவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

“என்ன புள்ள, தூங்கிட்டியா? இன்னும் தொடவே இல்லியே.”

சரியாகத்தான் சொன்னார். ஆனாலும் விடவில்லை.

“அப்ப அந்த வெரலு? அது என்ன கொப்புளம்?”

கண்ணைத் திறந்து, திருடி மாட்டிக்கொண்டவர்போல விரலை மடக்கிக்கொண்டார்.

“காலைல டீ வெக்கறப்ப பாத்திரத்த புடிச்சிட்டேன். சொன்னா நீ கத்துவேன்னுதான் சொல்லல.”

“தெரிஞ்சுதா?”

“தெரியாம? அப்பா! சுட்டுச்சு புள்ள. உசுரு போற மாதிரி சுட்டுச்சு.”

மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஏன் இந்த அம்மா சிரிக்கிறாள், ஏன் அழுகிறாள் என்று எங்களையே பார்த்தாள். நான் அந்தச் சுட்ட விரலை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

“இன்னொருக்கா சொல்லுங்க” என்றேன்.

“சுட்டுச்சு” என்றார்.